மூன்று கல்லூரிகளுக்கு ஆளுக்கு நூறு பட்டத்துக்கு மேல் எப்படி வந்தது? பேக்-12 கலைந்த பிறகு அந்தக் கோப்பைகள் யாருடையவை?

கயல்_ஃப்ரீமான்ட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வாட்டர் போலோ (நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) அணியில் கோல்கீப்பர். மூன்று வருடமாகக் காலை ஐந்தரைக்கு எழுப்பிக் குளத்துக்குக் கூட்டிப் போவது நான்தான். கல்லூரியிலும் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

திருச்சியிலிருந்து என் மாமனார் வந்திருக்கிறார். வேலையில் இருந்த காலத்தில் ஆபீஸ் அணிக்கு வாலிபால் ஆடியவர். பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையின் அப்பா, "ஸ்டான்ஃபோர்டுக்கு 130-க்கு மேல் தேசியப் பட்டம், யுசிஎல்ஏவுக்கு 120-க்கு மேல், யுஎஸ்சியும் நூறைத் தாண்டிவிட்டது, மூன்றும் பேக்-12 என்ற ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தவை" என்று சொல்லியிருக்கிறார். (மூன்றும் இங்கே கலிஃபோர்னியாவில் இருக்கும் பல்கலைக்கழகங்கள்.) அன்று இரவு தோசை சாப்பிடும்போது மாமா கேட்ட கேள்விகளுக்கு எனக்கு ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியவில்லை.

கான்ஃபரன்ஸ் பட்டம் வேறு, தேசியப் பட்டம் வேறா? எந்தெந்த விளையாட்டைச் சேர்த்தால் 130 வருகிறது? அப்புறம் அவர் மனதை ரொம்பவே பிடித்துக்கொண்ட கேள்வி இது: அந்த கான்ஃபரன்ஸே கலைந்துவிட்டது என்கிறார்களே, அப்படியானால் கோப்பைகள் எங்கே போகும்? அவருடைய ஆபீஸை ஒரு காலத்தில் இரண்டாகப் பிரித்தபோது, கோப்பை அலமாரி எந்தப் பக்கம் போவது என்று ஆறு மாதம் சண்டை நடந்ததாம். கடைசியில் அலமாரி ஒரு கட்டடத்துக்கும் சாவி இன்னொரு கட்டடத்துக்கும் போனதாகச் சொன்னார். இங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறார். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


பழைய_புரூயின் (சான் ஹோசே) பதில்:

வணக்கம் சகோதரி. மாமா கேட்டது மிக நல்ல கேள்வி. நான் யுசிஎல்ஏவில் மேல்படிப்பு படித்தவன். படிப்பு முடிந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் கணக்கு என்னை விடவில்லை, அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் கான்ஃபரன்ஸ். பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட லீக் அது. பருவம் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். அதில் முதலிடம் பிடித்தாலோ, கடைசியில் நடக்கும் போட்டியில் ஜெயித்தாலோ கிடைப்பது கான்ஃபரன்ஸ் பட்டம். அதற்கு மேல், கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ நாடு முழுவதற்கும் நடத்தும் போட்டியில் வெல்வது தேசியப் பட்டம். மாமாவுக்கு மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று சொன்னால் உடனே பிடிபடும்.

130, 120 என்று சொல்வதெல்லாம் என்சிஏஏ அணிப் பட்டங்கள் மட்டும். தனிநபர் பட்டங்கள் அதில் வராது. உள்ளரங்கத் தடகளமும் வெளியரங்கத் தடகளமும் தனித்தனிப் பட்டங்கள். ஆனால் அந்த எண்ணில் பெரிய கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் கிடையாது! இங்கே பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. அந்த மேல்மட்ட ஃபுட்பாலுக்கு என்சிஏஏ பட்டமே கொடுப்பதில்லை. வெகுகாலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்குப் போட்டுத்தான் சாம்பியனை முடிவு செய்தார்கள். இப்போதுள்ள ப்ளேஆஃப் முறை 2014 பருவத்தில் தொடங்கியது, அதையும் என்சிஏஏ நடத்துவதில்லை. எண்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டு கணக்கில் இல்லை, உங்கள் மகள் விடியற்காலையில் குளத்தில் இறங்கி ஆடும் விளையாட்டு கணக்கில் இருக்கிறது. இதை மாமாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

பெண்கள் பக்கம் இன்னொரு விஷயம். என்சிஏஏ பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியதே 1981-82-இல்தான். அதற்கு முன் பெண்களுக்கென்று தனி அமைப்பு இருந்தது. அந்தக் காலத்தில் வென்ற பட்டங்கள் என்சிஏஏ கணக்கில் ஏறவில்லை. யுசிஎல்ஏ பெண்கள் 1978-இல் சாஃப்ட்பாலில் தேசிய சாம்பியன், ஆனால் அது அந்த 120-இல் ஒன்றாக வராது. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு.

சரி, மூன்று கல்லூரிக்கு ஆளுக்கு நூறுக்கு மேல் எப்படி? நாட்டிலேயே நூறைத் தாண்டியவை இந்த மூன்றும்தான். வெயில், பணம், பெயர் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் என் கணிப்பில் முதல் காரணம், பக்கத்து வீட்டுக்காரனே நாட்டின் சிறந்த அணியாக இருந்தான் என்பது. வாரா வாரம் அவனோடு மோதித் தோற்று, திரும்பவும் மோதித்தான் தேறினார்கள். யுசிஎல்ஏ கூடைப்பந்துக்கு ஜான் வுடன் 1964 முதல் 1975 வரை 12 வருடத்தில் 10 பட்டம் வாங்கிக் கொடுத்தார், அதில் ஏழு தொடர்ச்சியாக. ஆண்கள் வாலிபாலில் ஆல் ஸ்கேட்ஸ் என்ற ஒரே பயிற்சியாளர் யுசிஎல்ஏவுக்கு 19 பட்டம் கொண்டுவந்தார் (மாமாவுக்கு இந்த எண்ணைத் தனியாகச் சொல்லுங்கள்). யுஎஸ்சிக்கு பேஸ்பாலில் 12, ஆண்கள் தடகளத்தில் அதற்கும் மேல். ஸ்டான்ஃபோர்டோ 1976-77 தொடங்கி 2024-25 வரை ஒரு கல்வி ஆண்டுகூட ஏதாவது ஒரு தேசியப் பட்டம் இல்லாமல் போனதில்லை. எல்லா விளையாட்டையும் சேர்த்துப் புள்ளி போட்டுக் கொடுக்கும் டைரக்டர்ஸ் கோப்பையை 1994-95 முதல் 2018-19 வரை 25 தடவை விடாமல் வாங்கினார்கள்.

யுசிஎல்ஏவின் நூறாவது பட்டம் வந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். 2007 மே மாதம், லாஸ் அலமிடோஸ். நாட்டில் எந்தக் கல்லூரிக்கும் அதற்கு முன் நூறு வந்ததில்லை. அது வந்தது பெண்கள் வாட்டர் போலோவில்! எதிரணி ஸ்டான்ஃபோர்ட். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கோல் என்று போன ஆட்டம். எனக்கு முன் வரிசையில் ஸ்டான்ஃபோர்ட் பெண் ஒருத்தியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மகளின் ஈரத் துண்டு. கடைசி நிமிடத்தில் அந்தத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு பார்த்தார். மணி அடித்ததும் எங்கள் பக்கம் எல்லோரும் குதித்தோம். அவர் துண்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்பி, எங்களைப் பார்த்துக் கை தட்டினார். நூறாவது பட்டம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அம்மாதான்.


பத்தாயிரம்_மீட்டர் பதில்:

அக்கா, நான் கல்லூரியில் நீண்ட தூர ஓட்டக்காரி, பேக்-12 அணி ஒன்றுக்காக ஓடினேன். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. அண்ணா தேசியப் பட்டத்தைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். கான்ஃபரன்ஸ் பட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குப் பல நேரம் அதுதான் பெரியது.

தடகளத்தில் கான்ஃபரன்ஸ் போட்டி ஒரு வாரக்கடைசியில் முடிந்துவிடும். ஒவ்வொரு போட்டியிலும் முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. எல்லாப் போட்டிகளின் புள்ளியையும் கூட்டி எந்த அணிக்கு அதிகமோ அதற்குப் பட்டம். குண்டு எறிபவளும் நானும் வருடம் முழுக்கப் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. அந்த இரண்டு நாள் மட்டும் அவளுடைய ஒவ்வொரு எறியும் என்னுடைய புள்ளி.

மூன்றாம் வருடம் எனக்கு 10,000 மீட்டர். 25 சுற்று. இருபதாவது சுற்றில் நான் பதினோராம் இடத்தில் இருந்தேன். வளைவில் எங்கள் கோச் நின்றுகொண்டு நேரத்தைச் சொல்லவில்லை, இடத்தையும் சொல்லவில்லை. "ஒரு புள்ளி! ஒரு புள்ளி!" என்று மட்டும் கத்தினார். எட்டாவது இடம் என்றால் ஒரு புள்ளி. முன்னால் போனவளின் காலணியின் பின்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. ஐந்து சுற்றும் அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கடைசி நேர்கோட்டில் அவளைத் தாண்டினேன். எட்டாவது. முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது அந்தக் குண்டெறிபவள் வந்து என் ஸ்பைக்ஸ் கயிற்றைக் குனிந்து அவிழ்த்துவிட்டாள். நாங்கள் பட்டம் வாங்கவில்லை, நான்காவதாகத்தான் வந்தோம். என்றாலும் அந்த ஒரு புள்ளி அணியின் பெயரில் ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை பட்டம் வாங்கிய ஸ்டான்ஃபோர்டே 2020 ஜூலையில் தன் 36 விளையாட்டுகளில் 11-ஐ நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஆண்கள் வாலிபால், மல்யுத்தம், ஃபென்சிங் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்த மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்ற மல்யுத்த வீரர், கல்லூரிச் சின்னம் எதுவும் இல்லாத கறுப்பு உடையில் இறங்கித் தேசியப் பட்டம் வென்றார். நான் வீட்டில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதுவிட்டேன். 2021 மே மாதம் 11 விளையாட்டுகளும் தொடரும் என்று அறிவித்தார்கள். உங்கள் மகளுக்குக் கல்லூரி தேடும்போது பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா. அந்த விளையாட்டை அந்தக் கல்லூரி எத்தனை வருடமாக, எத்தனை பயிற்சியாளரோடு நடத்துகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.


கொர்வாலிஸ்_முத்து பதில்:

அலமாரி, சாவி கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவி எங்கள் ஊரில் இருக்கிறது.

நான் இருப்பது ஒரிகன் மாநிலத்தில், கொர்வாலிஸ். சின்ன ஊர், ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் ஊரே. 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் நான்கு கல்லூரிகள் கூடிப் பேசி இந்த கான்ஃபரன்ஸைத் தொடங்கின. அதில் ஒன்று எங்களுடையது. 1959-இல் ஒரு தடவை கலைந்து வேறு பெயரில் திரும்பச் சேர்ந்தது, 1968-இல் பேக்-8, 1978-இல் பேக்-10, 2011-இல் பேக்-12. என்சிஏஏ ஆண்கள் கூடைப்பந்துக்கு முதன்முதலாக, 1939-இல், போட்டி வைத்தபோது வென்றதும் எங்கள் பக்கத்து ஊர் ஒரிகன் பல்கலைக்கழகம்தான். அவர்கள் எங்களுக்குப் பரம எதிரி, இருந்தாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். மொத்தமாக 500-க்கு மேல் தேசியப் பட்டம். வேறு எந்த கான்ஃபரன்ஸும் பக்கத்தில் வரவில்லை.

கலைந்தது எப்படி? 2022 ஜூன் 30 அன்று யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. தொலைக்காட்சிப் பணம், அதுவும் ஃபுட்பால் பணம். புது ஒளிபரப்பு ஒப்பந்தம் நல்லபடியாக அமையவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். அன்று நான் கடையில் பால் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் எங்கள் அணியின் ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தார். போனைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கால் என்று சுருக்கமாகச் சொல்லும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருக்கும் கல்லூரி அட்லாண்டிக் கரை லீக்கில்! மிச்சம் இருந்தது நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும்.

ஆனால் போகிறவர்களே நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து மீதியைப் பங்கு போடக் கூடாது என்று இரண்டு கல்லூரியும் நீதிமன்றம் போயின. 2023 நவம்பரில் நிர்வாகம் எங்கள் இரண்டு பேர் கையில்தான் என்று உத்தரவு வந்தது. ஆகவே மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒவ்வொரு கல்லூரியும் வென்ற கோப்பை அந்தந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது, அதை யாரும் தொட முடியாது. பேக்-12 என்ற பெயரும் மிச்சமிருந்த சொத்தும் எங்களிடமும் வாஷிங்டன் ஸ்டேட்டிடமும் நின்றன. 2026 ஜூலையிலிருந்து பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொன்சாகா போன்ற கல்லூரிகளோடு அதே பெயரில் லீக் திரும்ப நடக்கும் என்பது ஏற்பாடு.

எங்களுக்கு பேஸ்பாலில் மூன்று தேசியப் பட்டம்: 2006, 2007, 2018. அந்த 2018-ஐச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கல்லூரி பேஸ்பாலின் கடைசிக் கட்டம் நடக்கும் ஓமஹாவில் ஆர்கன்சாவோடு இறுதி. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட். கேடின் கிரெனியர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே வானத்துக்கு ஏறியது. பிடித்தால் பட்டம் அவர்களுக்கு. பிடிக்க மூன்று பேர் ஓடிவந்தார்கள். நம் தெரு கிரிக்கெட்டில் நடக்குமே, யார் கேட்ச் என்று தெரியாமல் எல்லோரும் நின்றுவிட, பந்து நடுவில் விழுந்தது. பிழைத்த கிரெனியர் அடித்துச் சமன் செய்தார், அடுத்து வந்த ட்ரெவர் லார்னாக் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். மறுநாள் கெவின் ஏபல் என்ற முதலாமாண்டுப் பையன் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஆட்டம் முழுவதும் ஒற்றை ஆளாக வீசினான். 5-0.

கான்ஃபரன்ஸ் போன பிறகு 2025-இல் எங்கள் பேஸ்பால் அணிக்கு லீக்கே இல்லை. யாரோடு ஆடுவது என்று ஊர் ஊராகக் கேட்டு அட்டவணை போட்டார்கள். பாதி நாள் வெளியூர்ப் பயணம். அப்படியும் அந்த வருடம் ஓமஹா வரை போய்ச் சேர்ந்தார்கள். பட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பையன்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எழுதிக் காட்ட முடியாது.


கயல்_ஃப்ரீமான்ட்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துண்டைக் கடித்த அம்மா வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டார். முத்து அண்ணா, தொப்பியைக் கழற்றியவரைப் பற்றிப் படித்ததும், "எங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் அப்படித்தான் நின்றார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தங்கை, பயிற்சியாளர் பற்றிய கேள்வியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது எனக்கு ஒரு பயம். ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் லீக், யுசிஎல்ஏ பிக் டென் என்றால், நாளைக்கு என் மகள் இங்கே எங்காவது சேர்ந்தால் லீக் ஆட்டத்துக்குப் பாஸ்டனுக்கும் நியூ ஜெர்சிக்குமா பறந்துகொண்டிருப்பாள்? படிப்பது எப்போது?


பழைய_புரூயின் (சான் ஹோசே) பதில்:

சகோதரி, கவலைப்படாதீர்கள். வாலிபால், சாக்கர் ஆடும் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் நிஜம்தான். நடுவாரத்தில் நாட்டின் அடுத்த கரைக்குப் போய் ஆடிவிட்டு, மறுநாள் வகுப்புக்குத் தூங்காமல் வருகிறார்கள். ஃபுட்பாலுக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் சுமையை, அந்தப் பணத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல இடமில்லாத பிள்ளைகள் சுமக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது.

ஆனால் வாட்டர் போலோ கதை வேறு. பேக்-12 இருந்தபோதும் அது வாட்டர் போலோ லீக் நடத்தியதில்லை. ஆண்கள் வாலிபால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாட்டர் போலோ மாதிரி சில கல்லூரிகளில் மட்டும் இருக்கும் விளையாட்டுகளுக்கு மவுண்டன் பசிபிக் ஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் என்று தனி லீக் இருக்கிறது. பிக் டென்னிலோ அட்லாண்டிக் லீக்கிலோ வாட்டர் போலோ கிடையாது. அதனால் ஸ்டான்ஃபோர்ட், கால், யுசிஎல்ஏ, யுஎஸ்சி நான்கும் குளத்துக்குள் இன்றும் ஒரே லீக். மற்ற இடத்திலெல்லாம் அக்கம்பக்கம் பிரிந்துபோனது, தண்ணீரில் மட்டும் பிரியவில்லை.

அந்த அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். என்சிஏஏ பெண்கள் வாட்டர் போலோ 2001-இல் தொடங்கியது. 2025 வரை நடந்த அத்தனை போட்டியிலும் சாம்பியன் ஆனவை ஸ்டான்ஃபோர்ட், யுசிஎல்ஏ, யுஎஸ்சி இந்த மூன்றும்தான். நான்காவதாக ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பேக்-12-இன் கடைசி வருடம் 2023-24-ஐ எடுத்துக்கொண்டாலும் அதேதான். ஆண்கள் வாட்டர் போலோ இறுதியில் கால் யுசிஎல்ஏவை வென்றது. பெண்கள் கோல்ஃப் இறுதியில் ஸ்டான்ஃபோர்ட் யுசிஎல்ஏவை வென்றது. கடற்கரை வாலிபால் இறுதியில் யுஎஸ்சி யுசிஎல்ஏவை வென்றது. ஆண்கள் நீச்சலில் அரிசோனா ஸ்டேட் தன் முதல் பட்டத்தை வாங்கியபோது (பாரிஸில் நான்கு தனிநபர் தங்கம் வாங்கினாரே லியோன் மார்ஷான், அவர் அந்த அணியில் இருந்தார்) இரண்டாவதாக வந்தது, அதற்கு முந்தைய இரண்டு வருட சாம்பியன் கால். கலைந்துபோகும் வருடத்திலும் இவர்களை வெல்ல இவர்களேதான் வர வேண்டியிருந்தது. இதில் தோற்ற பக்கத்தில் என் கல்லூரி மூன்று தடவை இருந்தது, இருந்தாலும் அந்த வருடத்தை நான் ரொம்ப நேசிக்கிறேன்.

மாமா ஊருக்குப் போவதற்குள் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். ஏவரி குளம் திறந்தவெளி. வெயில் இருக்கும், மாமாவுக்கு ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மகளைக் கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் உட்கார வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் கோல்கீப்பரின் கால்கள் தண்ணீருக்கடியில் எப்படி ஓயாமல் சுழல்கின்றன என்று தெரியும்.